ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன். என் கல்யாணம் எந்தத் தேதியில் நடந்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். என் கணவருக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. இந்த எண்ணுக்கு மட்டும் எனக்கு யோசனை தேவைப்பட்டதே இல்லை. பத்து வயதில், ஒரு கோடை விடுமுறையில், ஆறு நாள் முழுக்க இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளை நான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு தோசை சாப்பிட்டு முடிப்பதற்குள் நாலு தடவை வாசலுக்குப் போய் வருவேன். வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண், நான் ஆட்டுகிற ஆட்டத்தில் தன் கையெழுத்து கோணிப்போகிறது என்று டீச்சரிடம் அழுது இடம் மாற்றிக்கொண்டாள். இப்போதும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை எழுந்துபோய் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் திருச்சியில் ஆபீஸ். எனக்கு ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு. அம்மாவுக்கு ஏழாம் மாதம். எனக்குப் பிறகு பத்து வருஷம் கழித்து ஒரு தம்பி வரப்போகிறான். தங்கையாகவும் இருக்கலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பிதான் என்று முடிவு செய்து, பெயரும் வைத்து, என் பழைய ஸ்லேட்டைத் துடைத்து அவனுக்கென்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

வளைகாப்புக்கு முசிறியிலிருந்து பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, வந்து இறங்கி வீட்டை மொத்தமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு ஒற்றைப்படை என்றால் உயிர். சீர்வரிசைத் தட்டுகளை எண்ணினாள், பத்து இருந்தது. உடனே கற்கண்டை மட்டும் தனியாக ஒரு தட்டில் கொட்டிப் பதினொன்று ஆக்கினாள். வந்தவர்கள் எல்லாரும் அம்மாவுக்குக் கண்ணாடி வளையல் போட்டு முடித்ததும் இரண்டு கையையும் பிடித்து வைத்துக்கொண்டு எண்ணினாள். இருபத்திரண்டு. ஒன்றைக் கழற்றிய பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

"இருபத்தொண்ணு. இப்பத்தான் சரி. ரெட்டைப்படைன்னா ரெண்டா பிரிஞ்சு போயிடும். ஒத்தைப்படைல நிறுத்துனா எதுவும் பிரியாது" என்றாள்.

நான் என் பங்குக்கு ஒரு தடவை எண்ணிச் சரிபார்த்தேன். பெரியம்மாவை எல்லாரும் கேலி செய்வார்கள், ஆனால் அவள் சொன்னபடிதான் செய்வார்கள்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்தாள். எழுந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாடிவீட்டு அக்காவைக் கூப்பிடு என்று என்னிடம் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆட்டோ வந்தது, அப்பா ஆபீசிலிருந்து வந்தார், அம்மா போய்விட்டாள். கீரை முறத்திலேயே கிடந்து சாயங்காலத்துக்குள் வாடிப்போயிற்று.

தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரி. குழந்தை தங்க வேண்டுமென்றால் அம்மா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். பெரியம்மா மறுபடி முசிறியிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டாள். அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டில் எனக்குத்தான் தெரியும். அதனால் நான் பக்கத்தில் இருந்தால் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்பது என் கட்சி. பெரியவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். நான் போய் நின்றால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள், என்னைக் கூட்டிக்கொண்டு வரவே கூடாது என்று பெரியம்மா போனில் உத்தரவு போட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் போர்டு வேறு இருந்ததாம்.

என்னைப் பார்த்துக்கொள்ள மாமா வந்தார். அம்மாவின் தம்பி. திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் வேலை. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எண் பைத்தியம். பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கியதும் அதிலிருக்கும் எண்களைக் கூட்டுவார். வந்ததை மறுபடி கூட்டுவார். ஒற்றை இலக்கமாகும் வரை விடமாட்டார். ஒரு லாரி போனால் அதன் நம்பர் எதால் வகுபடும் என்று சொன்ன பிறகுதான் ரோட்டைக் கடப்பார். துறையூரில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனவர், சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார், பெண்ணின் முகம் நினைவில்லை என்று சொன்னார் என்பது எங்கள் குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை.

முதல் நாள் காலை பத்து மணிக்குள் அவரிடம் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே கேட்டேன். ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்டேன். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஈரத்தலையோடு வெளியே வந்த மாமா, முந்தின நாள் கிழித்த காலண்டர் தாளை எடுத்தார். பின்பக்கம் திருப்பி, பென்சிலால் ஒரு எண்ணை எழுதினார். 73939133.

"இதை ஏதாவது ஒரு எண்ணால மீதி இல்லாம வகுத்துக் காட்டு. ஒண்ணால வகுக்கக் கூடாது, அதே எண்ணாலயும் வகுக்கக் கூடாது. மத்தபடி எதா இருந்தாலும் சரி. கால்குலேட்டர் கிடையாது. என்னைக்குக் காட்டறியோ அன்னைக்கே உன்னை அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"சத்தியமா?"

"பெருமாள் மேல சத்தியம்."

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் மேல் சத்தியம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் கூப்பிடு தூரத்தில் படுத்திருக்கிறார், காதில் விழுந்திருக்கும்.

எனக்கு ஒரே சந்தோஷம். எட்டு இலக்கம், இவ்வளவு பெரிய எண், எதற்கோ ஒன்றுக்கு மசியாமலா போய்விடும்? பன்னிரண்டையே நாலு விதமாக வகுக்கலாம். நூறை இன்னும் அதிகமாக. ஏழு கோடி என்றால் வழிகள் கொட்டிக் கிடக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, நல்ல பாவாடை ஒன்றை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன்.

நோட்டில் உட்கார்ந்து வகுக்க எனக்குப் பொறுமை இல்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் இறங்கிவிட்டேன். எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமெண்ட், எழுதினால் பளிச்சென்று தெரியும். வகுத்துக்கொண்டே நகரலாம், நகர்ந்துகொண்டே வகுக்கலாம். இரண்டு இல்லை, மூன்று இல்லை, ஐந்து இல்லை. ஏழால் வகுத்தேன், மீதி இரண்டு. பதினொன்று, மீதி நாலு. பதின்மூன்று, மீதி எட்டு. இரண்டு போகாத இடத்தில் நாலும் ஆறும் எட்டும் போகாது என்று நாலாலும் ஆறாலும் எட்டாலும் வகுத்துப் பார்த்த பிறகு நானாகவே கண்டுபிடித்தேன். உலகத்தில் இதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். கூடம் நிறைந்து, சமையலறை வாசல் வரை கணக்கு போய்விட்டது. மாமா சோற்றுப் பாத்திரத்தோடு எண்களைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

மூன்று மணி பஸ் போய்விட்டது. மறுநாள் மூன்று மணி பஸ்ஸும் போய்விட்டது. பாவாடை கட்டில் மேலேயே இருந்தது.

இரவில் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்ப்பார். தரையில் ஒரு கோடு இருந்தாலே சத்தம் போடுகிறவர் அவர். அந்த நாட்களில் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நடந்து உள்ளே போனார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஐம்பத்து மூன்றால் வகுத்தேன். மீதி ஐம்பத்திரண்டு. ஒன்றே ஒன்று கூடுதலாக இருந்திருந்தால் சரியாகப் போயிருக்கும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒன்று கூட்டிக்கொள்ளலாமா என்று மாமாவிடம் கெஞ்சினேன்.

"எண்ணுகிட்டயே பேரம் பேசறியா? அது கத்தரிக்காய் இல்லை பாப்பா" என்றார்.

அன்று சாக்பீஸை வீசி எறிந்தேன். தெருக்கோடி வரை ஓடினேன், திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். வெயிலில் தார் காலில் ஒட்டியது. என்ன செய்தாலும் உள்ளே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. அம்மா ஒரு கட்டிலில் அசையாமல் படுத்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க என் கால் இன்னும் வேகமாக ஆடியது.

என்னைச் சமாதானப்படுத்த நாலாம் நாள் மாமா அந்த எண்ணின் இன்னொரு குணத்தைக் காட்டினார். காலண்டர் தாளில் கடைசி 3-ஐக் கட்டைவிரலால் மறைத்தார். 7393913. இதையாவது வகுத்துப் பார் என்றார். மறுபடி விரலை நகர்த்தினார், 739391. இன்னொரு தடவை, 73939. அப்புறம் 7393, 739, 73, கடைசியில் ஒரே ஒரு ஏழு. இதில் எதை எடுத்துக்கொண்டாலும் எதாலும் வகுபடாது என்றார். நான் நம்பவில்லை. சின்னதிலிருந்து ஆரம்பித்தேன். 73 மசியவில்லை. 739-ஐ இருபத்து மூன்று வரை முயன்றேன், மசியவில்லை. பல்லியின் வாலை வெட்டினால் மிச்சப் பல்லி ஓடுகிற மாதிரி, வெட்ட வெட்ட அந்த எண் முழுசாகவே இருந்தது. எனக்கு முதல் தடவையாக அதன் மேல் ஒரு மரியாதை வந்தது. பயமும் வந்தது. இது கடைசி வரை உடையவே உடையாதோ என்ற சந்தேகம் அப்போதுதான் தட்டியது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் போன் மணி அடித்தது. மாமா எடுத்தார். 'ம்' மட்டும் கொட்டினார். போனை வைத்துவிட்டு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். நான் தாளைத் தூக்கிக்கொண்டு போய் எதிரே நின்றேன். எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

"பின்னாடி எடுத்தாத்தானே உடையலை? பின்னாடி இன்னொண்ணு சேர்த்தா?"

மாமா தாளைப் பார்த்தார். "சேர்த்தா உடைஞ்சிடும். எதைச் சேர்த்தாலும் நிக்காது. இதோட சரி" என்றார். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் வாளியில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் எதையும் கழுவவில்லை.

ஆறாம் நாள் நான் கண் விழித்தபோது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. மாடிவீட்டு அக்கா எங்கள் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தாள். மாமா இப்போது வந்துவிடுவார் என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பல் தேய்த்துவிட்டு வந்து தரையைப் பார்த்தேன். ஐந்து நாள் கணக்கு கால்பட்டுத் தேய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. இனி ஒரு எண்ணால்கூட வகுக்க என்னால் முடியாது என்று தோன்றியது. அழுகை வந்தது. அழுதுகொண்டே காலண்டர் தாளை எடுத்தேன்.

மாமாவின் 3-க்கு இரண்டு வாய். இரண்டையும் மூடினால் 8. பென்சிலைக் கூர் சீவினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, மாமாவின் கோட்டுக்கு ஏற்ற மாதிரி லேசாக அழுத்தி, கடைசி 3-ன் மேல்வாயை மூடினேன், கீழ்வாயை மூடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் கை ஆடாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. 73939138. இரண்டால் வகுத்தேன். 36969569. மீதி இல்லை. எவ்வளவு சுலபமாகப் பிளந்துகொண்டது! கூடத்தில் கோயில் மணிச் சத்தம் கேட்டது. பெருமாள் மேல் செய்த சத்தியம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது. மூன்று மணி பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

மாமா பதினொரு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் பாய்ந்து தாளை நீட்டிவிட்டேன்.

"வகுத்துட்டேன்!"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் பென்சிலைக் கேட்டு வாங்கி, தாளைக் கதவில் வைத்து, என் விடையை இரண்டால் பெருக்கிப் பார்த்தார். ஒவ்வொரு இலக்கமாக, மெதுவாக. டீச்சர் மாதிரி பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

"சரியா இருக்கு. கிளம்பு" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தான் எழுதின எண்ணே நினைவில்லாத இவரா லாரி நம்பரையெல்லாம் வகுக்கிறவர்? பாவாடையை மாட்டிக்கொண்டேன். தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன், அம்மாவிடம் காட்ட. ஒன்றாம் நம்பர் பஸ். எனக்கு இடது பக்கம் ஜன்னலோரம் கிடைத்தது. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை மாமா பார்க்கவே இல்லை. கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கூட்டலையா மாமா?" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் போர்டு இருந்தது. அதன் கீழே உட்கார்ந்திருந்த காவலாளி என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார். அதுவும் என் சாமர்த்தியத்தின் பலன் என்றே நினைத்தேன்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அசையக் கூடாது என்றார்களே, திரும்பிப் படுத்திருக்கிறாளே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் காலடிச் சத்தம் அவளுக்குத் தெரியும். இந்தப் பக்கம் புரண்டாள்.

"சாப்பிட்டியாடி?" என்றாள்.

அவள் கையில் வளையல் இல்லை. இரண்டு கையும் மொட்டையாக இருந்தன. குழந்தை பிறந்த பிறகுதான் அதைக் கழற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். அறை முழுக்கத் தேடினேன்.

"தம்பி எங்கே?"

பெரியம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"தம்பிதான்டி, நீ சொன்ன மாதிரியே. பெருமாள் கூப்பிட்டுக்கிட்டாரு."

ஜன்னல் திட்டில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, கை சும்மா இருக்கவில்லை, போய் அதை அவிழ்த்தேன். அம்மாவின் கண்ணாடி வளையல்கள். ஆபரேஷன் அறைக்குள் வளையல் கூடாது என்று கழற்றியிருக்கிறார்கள். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இருபது. கழற்றும்போது ஒன்று உடைந்துபோயிற்று என்று பெரியம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபது. இரட்டைப்படை. இரண்டாகப் பிரிந்துபோகும். என் கையில் நாலாக மடித்த தாள் இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெருமாள் மேல் சத்தியம் செய்த கணக்கில் நான் பொய் எழுதினேன். உடையாத எண்ணை உடைத்தேன். ஒற்றைப்படையை இரட்டைப்படை ஆக்கினேன். பெருமாள் கூப்பிட்டுக்கொண்டுவிட்டார்.

அங்கே ஒரு நாற்காலி இருந்தது. போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை அசையவில்லை. இனி எதைத் தொட்டாலும் உடைந்துவிடும் என்று பயமாக இருந்தது. பிள்ளைக்கு என்ன பொறுப்பு வந்துவிட்டது பாருங்கள் என்று நர்சிடம் பெரியம்மா சொன்னாள். இன்றுவரை எங்கள் உறவில் அந்தப் பாராட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்து அந்த 8-ஐ மறுபடி 3 ஆக்கப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு வளைவுகளை மட்டும் அழிக்க வேண்டும். சரியாக அழித்துவிட்டால் ஒருவேளை எல்லாம் திரும்பிவிடும் என்ற நப்பாசை. ரப்பர் அழுந்தி, அந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. மாமா போட்ட டிக் மட்டும் பக்கத்தில் அப்படியே இருந்தது.

ஆறாம் வகுப்பில் கணக்கு டீச்சர் பகா எண் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்து, உதாரணம் கேட்டார். ஐந்து, ஏழு, பதினொன்று என்று கத்தினார்கள். எனக்கு எட்டு இலக்கத்தில் ஒன்று தெரியும். நான் கை தூக்கவில்லை.

தம்பிக்குப் பிறகு யாரும் வரவில்லை. அம்மாவுக்கு இனி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் ஒருத்திதான். படித்தேன், சென்னைக்கு வந்தேன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிற வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே, யாரும் பார்க்காத நேரத்தில் பத்து வரி எழுதி அந்த எண்ணைச் சோதித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. மாமா சொன்னது அத்தனையும் நிஜம். எதாலும் வகுபடாது. பின்னாலிருந்து எத்தனை இலக்கம் எடுத்தாலும் வகுபடாது. பின்னால் எந்த ஒரு இலக்கத்தைச் சேர்த்தாலும் நிற்காது. அந்த வகையில் இதுதான் கடைசி எண், இதைவிடப் பெரியது கிடையாது. நான் தோற்றது நியாயமான தோல்விதான். ஆனாலும் கோயிலுக்குப் போனால் பெருமாளின் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு இன்னொரு பத்து வருஷம் ஆயிற்று. படித்தவள், இதெல்லாம் அபத்தம் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் பயந்தேன்.

போன பொங்கலுக்குத் திருவெறும்பூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ரிடையர் ஆகப்போகிறார், தலை நரைத்துவிட்டது. கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தவரிடம் எப்படியோ வாய் திறந்து சொல்லிவிட்டேன். அந்த 3-ஐ 8 ஆக்கினது நான்தான் என்று.

"தெரியுமே. எழுதினவன் நான்தானே" என்றார்.

"அப்புறம் ஏன் டிக் போட்டீங்க?"

மாமா கரும்பைக் கீழே வைத்தார். அன்றைக்கு விடியற்காலை நாலு மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். கண் விழித்ததிலிருந்து அம்மா என்னைத்தான் கேட்டாளாம். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளாம். என்னைக் கூட்டிவர மாமாவை அனுப்பியிருக்கிறார்கள்.

"பெருமாள் மேல சத்தியம் பண்ணிட்டு, அதை மீறி உன்னை எப்படிக் கூட்டிட்டுப் போறது? மீறினா ஏன்னு கேப்பே. உன்கிட்ட என்ன சொல்றதுன்னு வழி பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன், ஒண்ணுமே தோணலை. வாசல்ல வந்து நின்னா, நீயே ஒரு வழி போட்டு நீட்டறே."

பிறகு, அந்த ஆறு நாளும் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள் என்றார். வகுபடாத எண்ணைக் கொடுத்து என்னை வீட்டில் உட்கார வைத்ததற்காக அவரால் இன்னும் தன்னை மன்னிக்க முடியவில்லையாம்.

நாலு மணி. நான் பென்சிலைக் கூர் சீவும்போது ஒன்பது மணி. கடிகாரத்தைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. ஏழு கோடியை ஐம்பத்து மூன்றால் வகுக்கத் தெரிந்தவளுக்கு, ஒன்பதிலிருந்து நாலைக் கழிக்க இத்தனை வருஷம் தோன்றவில்லை. மாமா வீட்டுக் கொல்லையில் போய் நின்று அழுதேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த பஸ் பயணம் முழுசாக நினைவுக்கு வந்தது. காவிரிப் பாலத்தில் போகும்போது மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தை ஒடித்துக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். மலைக்கோட்டையைப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, கையில் தாளோடு, ஜெயித்த மிதப்பில் நான் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். மலைக்கோட்டை என் ஜன்னலில் இருந்தது. அவர் பக்கம் மே மாதத்துக் காவிரி, வெறும் மணல்.